லைனில் பிறந்தவர்

வட்டக்கச்சி
20.02.2025

அன்பின் சுமி,

நீர் கேட்டபடி எழுதுகிறேன். போன் எடுத்தால் "சாப்பிட்டீரா?" என்று கேட்டு முடிப்பதற்குள் லைனைக் கட் பண்ணிவிடுகிறீர். முந்தநாள் வந்த ஒற்றை மெசேஜில், "சொல்ல இருக்கிறதை எழுதி அனுப்புங்கோ. வீடு நிறையச் சனம், போனில அழ ஏலாது" என்று இருந்தது. சரி. கலியாணத்துக்கு முதல்கூட உமக்கு நான் கடிதம் எழுதியதில்லை. மூன்று வருசம் குடும்பம் நடத்திய பிறகு எழுத வைத்துவிட்டீர். கடையில் பிரிண்டர் நாலு ஓடுகிறது, ஒரு பேனை இல்லை. தங்கச்சியின் பையைக் கிளறித்தான் எடுத்தேன்.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது பொய். அம்மா பின்னேரம் படலையடியில் போய் நிற்கிறா. கேட்டால், "கோழி வெளியில போட்டுது" என்கிறா. வயல் வெட்டி முடிந்துவிட்டது. நெல்லை ரோட்டில் காயப்போட்டிருக்கிறோம்.

விசயத்துக்கு வருகிறேன். உம்முடைய அப்பாவின் மரண அறிவித்தலை அடித்தது என் கடை, என் கை. "வவுனியாவைப் பிறப்பிடமாகவும் ஸ்கந்தபுரத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இராமசாமி முத்துலிங்கம்" என்று ஒருவன் ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி வாசித்துக்கொண்டு உங்கள் ஒழுங்கையால் போனபோது, மாமாவின் தலைமாட்டில் இருந்த நீர் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர். அதற்குப் பிறகு எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் வரைக்கும் அம்மாவோடு நிற்கிறேன் என்றீர். அதற்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை. அதைத்தான் கேட்கிறேன். அன்றைக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு மாமாவின் வாழ்க்கைக் குறிப்பையும் நீர்தான் எழுதித் தரவேண்டும்.

கடிதத்தை உம்முடைய தம்பி நிஷாந்தனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் தினமும் வேலைக்கு ரவுணுக்கு வருகிறவன்தானே. ஒட்டித்தான் கொடுக்கிறேன், பயப்பட வேண்டாம்.

உம்முடைய
சுஜிதன்

*

ஸ்கந்தபுரம்
24.02.2025

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் சொல்லி எழுதவும் வரவில்லை, எழுதாமல் இருக்கவும் வரவில்லை. சாப்பிடாமல் இருக்காதீர்கள். மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லி முட்டை பொரித்துக் கேளுங்கள். கோழி உள்ளேதான் நிற்கும், எனக்குத் தெரியும்.

இன்று பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்புக்கு இங்கிலீசு. ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருக்கலாம் என்ற பாடம். நான் 'லைன்' என்று பலகையில் எழுதி, உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள் என்றேன். வகுப்பு சந்தையாகிவிட்டது. "உடுப்புக் காயப்போடுறது, ரீச்சர்." "கரண்ட் லைன். எங்கட வீட்டுக்கு இன்னும் இழுக்கேல்லை." "கோடு." "பந்து போடேக்க லைன் பிழைச்சா அடி விழும்." ஒருத்தன் எழுந்து, "ரியூசன் முடிய எங்கட அக்காவுக்குப் பின்னால ஒரு அண்ணா லைன் போட்டுக்கொண்டு வாறவர்" என்றான். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. இன்னொரு பிள்ளை, "முகாமில சாப்பாட்டுக்கு லைனில நிண்டதெண்டு அம்மா சொன்னவா" என்றது. பிறகு கடைசி வாங்கில் இருந்து ஒருவன் மெதுவாக, "எங்கட சித்தப்பா சண்டையில லைனில நிண்டவர். திரும்பி வரேல்லை" என்றான். அப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பலகையில் எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் கஜனி கையை உயர்த்தினாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. "லயமும் அதுதானே, ரீச்சர்? எங்கட அம்மம்மா தேயிலைத் தோட்டத்தில லயத்திலதான் இருந்தவா." ஓம், அதே சொல்தான், வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களுக்கு வைத்த பெயர் என்று நான் சொல்லத் தொடங்க, பின்னாலிருந்து ஒரு குரல் "லயத்து ஆக்கள்" என்று இழுத்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"என்ட அப்பாவும் லயத்திலதான் பிறந்தவர்" என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வகுப்புக்கு எதிரே இருக்கிற மதிலில் அப்பாவின் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வவுனியாவைப் பிறப்பிடமாகவும் என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. கஜனிக்கு வாசிக்கத் தெரியும். நான் திரும்பிப் பலகையை அழித்தேன்.

அப்பா ஒரு நாளும் மறைத்ததில்லை. பெற்றோல் இல்லாத வருடம் இரண்டு நாள் வரிசையில் நின்று, சலித்துக்கொண்ட ஆட்களிடம் "நான் லைன்லயே பொறந்தவன்யா, எனக்கு இது பழக்கம்" என்று சொல்லிச் சிரிக்க வைத்த மனிதர். அவரைப் போய் நீங்கள் திருத்திவிட்டீர்கள். சாவுக்குப் பிறகு அவரால் மறுத்துப் பேச முடியுமா?

கல்வெட்டுக்கு நான் எழுதித் தருகிறேன். அதில் அப்பா பிறந்த தோட்டத்தின் பெயர் வரவேண்டும். வராவிட்டால் நான் வட்டக்கச்சிக்கு வரமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. இரண்டு தரம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சுமித்திரா

*

கிளிநொச்சி, கடையிலிருந்து
28.02.2025

அன்பின் சுமி,

முட்டை பொரித்துத் தந்தா. இரண்டு.

உம்முடைய பலகையில் சில விடுபட்டுப் போயிருக்கின்றன. காணி புரோக்கர் ஒருவர் கடையில் நின்று போனில் கத்துகிறார்: "ஆள் லைனுக்கு வந்திட்டார், உறுதியை எழுதுவம்." பனர் அடிக்க வந்த ஒருவர், தனக்குப் பெரிய இடத்தில் ஒரு லைன் இருக்கிறதாம், அதனால் கடன் சொல்லிவிட்டுப் போகிறார். உம்முடைய மாமி நேற்றுக் கேட்டா: "என்னடா, மருமகள் இன்னும் லைனுக்கு வரேல்லையோ?" நீர் வினாத்தாள் அடிக்க இந்தக் கடைக்கு வந்த காலத்தில் நான் உமக்குப் போட்ட லைனையும் சேர்த்துக்கொள்ளும். பிரிண்டர் பழுது என்று மூன்று தரம் உம்மை நாளைக்கு வரச் சொன்னேன். அது ஒரு நாளும் பழுதாகவில்லை.

இனிச் சிரிக்காத கதை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்கள் செத்தவீட்டு நோட்டீஸ் அடிக்க வருவார்கள். பெயர், வயது, பிள்ளைகள் எல்லாம் கடகடவென்று சொல்வார்கள். 'பிறப்பிடம்?' என்று நான் கேட்டதும் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு ஒருவர் "வவுனியா போடுங்க தம்பி" என்பார். இன்னொருவர் "அதை விட்டுருங்க" என்பார். நான் ஏன் என்று கேட்பதில்லை. என் கொம்பியூட்டரில் இருக்கிற நோட்டீஸ்களின்படி பார்த்தால், அந்தக் காலத்தில் வவுனியா ஆஸ்பத்திரியில் நிற்க இடம் இருந்திருக்காது. அந்தப் பழக்கத்தில் மாமாவுக்கும் அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளும்.

ஒரு வழி சொல்கிறேன். கல்வெட்டில் பிறப்பிடமே வேண்டாம். ஸ்கந்தபுரம் என்று மட்டும் போடுவோம். பொய்யும் இல்லை, பிரச்சினையும் இல்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதேயும். பழி என் தலையிலேயே இருக்கட்டும், அதற்கு இடம் இருக்கிறது.

நீர் இல்லாத வீட்டில் ரேடியோ வைத்தாலும் சத்தம் காணாது.

சுஜிதன்

*

ஸ்கந்தபுரம்
05.03.2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை நிஷாந்தன் கொண்டுவந்து தந்துவிட்டு, குசினி வாசலில் குந்திக்கொண்டு போகாமல் இருந்தான். நான் வாசித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்தான். பிறகு, "அக்கா, அத்தானைப் பேசாதேங்கோ. வவுனியா எண்டு போடச் சொன்னது நான்தான்" என்றான்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், எனக்குத்தான் தெரியாது. பரந்தனில் சிவரூபி என்ற பிள்ளையை அவன் விரும்புகிறான். பெண் வீட்டார் யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள். தகப்பன் "உங்கட ஆக்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்க, இவன் வவுனியா என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பிள்ளைக்கு உண்மை தெரியுமாம், தகப்பனுக்குத் தெரியாதாம். அப்பா இறந்த அன்று இவன் உங்கள் கடைக்கு ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்து அழுதிருக்கிறான்.

"நீ அப்பாவை வித்திட்டாய்" என்று கத்திவிட்டேன். அவன் எழும்பவில்லை. "உங்களுக்கு அத்தான் கிடைச்சார், அக்கா. எனக்கும் அப்பிடி ஒரு வீடு கிடைக்குமெண்டு ஆர் சொன்னது?" என்றான். அவனை இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்தவள் நான். அவனுக்கு இருபத்தெட்டு வயதில் இப்படி ஒரு பயம் இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அழுகை வந்தது.

இவ்வளவு நாளும் என் பேச்சை எல்லாம் நீங்கள் வாங்கிக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லாமல் இருந்தீர்கள். அதற்காக உங்கள் மேல் அன்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள். அவன் கேட்டபோது உங்கள் மனதில் என்ன இருந்தது? அவனுக்காக மட்டும்தானா?

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இனித் தோட்டத்தின் பெயரைப் போடு என்று அடித்துச் சொல்லவும் எனக்குப் பயமாக இருக்கிறது. தம்பியின் வாழ்க்கை அதில் தொங்குகிறது.

உங்கள்
சுமித்திரா

*

கிளிநொச்சி
08.03.2025

அன்பின் சுமி,

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அவனுக்காக மட்டும் இல்லை. அவன் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. செத்தவீட்டுக்குக் கரவெட்டியிலிருந்து வீரகத்திப் பெரியப்பா ஆட்கள் வருவார்கள், நோட்டீஸை வாசிப்பார்கள் என்று எனக்கு முதலே யோசனை இருந்தது. நம்முடைய கலியாணத்தில் அவர் என் காதுக்குள், "பிள்ளை நல்ல பிள்ளை, ஆனா ஆக்கள் தோட்டத்துப் பக்கமாம்" என்றவர். நான் அன்று சிரித்துச் சமாளித்தேன். உமக்குச் சொல்லவில்லை. நிஷாந்தன் வந்து கேட்டதும், நான் நினைத்ததை வேறொருவர் கேட்டுவிட்டார் என்று இருந்தது. அவனுக்கு உதவுகிற மாதிரி எனக்கும் உதவிக்கொண்டேன்.

உம்மைப் பற்றி எனக்கு ஒரு நாளும் வெட்கம் இல்லை. மாமாவைப் பற்றியும் இல்லை. பெரியப்பாவின் வாயைப் பற்றித்தான் பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு நான் உம்முடைய அப்பாவைக் கொடுத்துவிட்டேன். எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படும், சுமி. வராமல் மட்டும் இருந்துவிடாதேயும்.

கல்வெட்டை நீங்கள் மூன்று பேரும் என்ன முடிவு எடுக்கிறீர்களோ அப்படியே அடிக்கிறேன். பெரியப்பா இனி என் தலைவலி.

உம்முடைய
சுஜிதன்

*

ஸ்கந்தபுரம்
11.03.2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் நோகடித்தது. இரவு முழுக்க அந்த 'நிம்மதி' என்ற சொல்லே நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. கலியாணத்தில் உங்கள் பெரியப்பா சொன்னதை மூன்று வருடம் எனக்கு மறைத்தீர்கள். ஆனாலும் நீங்கள் பொய் சொல்லித் தப்பியிருந்தால் இதைவிட நொந்திருக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சொன்னேன். நிஷாந்தனும் பக்கத்தில் நின்றான். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிறுத்தவே இல்லை. நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகு சுளகைக் கீழே வைத்தார். "எழுவத்தேழு கலவரத்துல தோட்டத்துக்கு வந்து அடிச்சாங்க. உசுர மட்டும் எடுத்துக்கிட்டு ஓடியாந்தோம். இங்க நம்மள யாரும் அடிக்கல. அப்புறம் ஏன்டா நாமளே வாயப் பொத்திக்கணும்?" என்று கேட்டார். நிஷாந்தன் நிலத்தைப் பார்த்தான். "அந்தப் புள்ள உனக்கு வேணும்னா, நேரா போய் அவங்கப்பாகிட்ட சொல்லு. பொய் சொல்லிக் கட்டிக்கிட்டு வந்தா, நாளைக்கு என்னை எந்த ஊர்க்காரினு சொல்லுவ?"

அவன் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில், நான் கல்வெட்டுக்கு எழுதி வைத்திருந்த குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பரந்தனுக்குப் போனான். சிவரூபியின் தகப்பன் அதை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "சரி, தம்பி" என்றாராம். வேறு ஒரு கதையும் இல்லை. தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அவன் திரும்பி வந்து, "அடிக்கச் சொல்லுங்கோ, அக்கா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். நான் பின்னால் போகவில்லை.

குறிப்பு இத்துடன் வருகிறது. "ஹற்றன், பெல்மோரா தோட்டம், மேற்பிரிவு லயத்தில் பிறந்து" என்று தொடங்குகிறது. வவுனியாவில் மூன்று வருடம் கூலி வேலை செய்ததும், இங்கே காடு வெட்டிக் கடலை போட்டதும், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து மறுபடி கூரை போட்டதும் இருக்கிறது. எதையும் அழகுபடுத்த வேண்டாம்.

சுமித்திரா

*

கிளிநொச்சி, கடையிலிருந்து
13.03.2025

அன்பின் சுமி,

புத்தகம் அடித்தாயிற்று. ஒரு சொல்லும் மாற்றவில்லை. முகப்பில் மாமா வேட்டியோடு சிரிக்கிற படம்.

பெரியப்பாவுக்கு நானே போன் எடுத்து, தோட்டத்தின் பெயரையும் சொல்லி, முப்பத்தோராம் நாளுக்கு வரச் சொன்னேன். தனக்கு முழங்கால் ஏலாதாம். சரி, ஒரு இலை மிச்சம் என்று வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகு பசித்தது.

இன்று அம்மா கடைக்கு வந்தா. சந்தைக்கு வந்தவவாம். மேசையில் கிடந்த கல்வெட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தா. மூடி வைத்துவிட்டு, "உன்ர அப்பாவின்ர கல்வெட்டில கொலனியை ஏன் விட்டனீ?" என்று கேட்டா.

அப்பா செத்தபோது பிறப்பிடமும் கரவெட்டி, வசிப்பிடமும் கரவெட்டி என்றுதான் அடித்தோம். பெரியப்பா சொன்னவர், காணி கொடுத்துக் குடியேற்றிய வன்னிக் கொலனி என்று போட்டால் ஊரில் மதிப்பில்லை என்று. நானும் யோசிக்காமல் போட்டேன். "ஐம்பது வருசம் இந்த மண்ணை உழுதவர்" என்றா அம்மா. "இஞ்ச இருக்கேல்லையெண்டா, நான் ஆரோட குடும்பம் நடத்தினனான்?" அழவில்லை. கோபமாகத்தான் கேட்டா. எங்களுடைய வீட்டிலும் ஒருவரை இப்படி அழித்திருக்கிறோம், அதை என் கையே செய்திருக்கிறது என்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு அம்மா விடியவே வந்து மரக்கறி வெட்டுவாவாம். உம்மைக் கூட்டிக்கொண்டு போக இல்லையாம், உம்முடைய அம்மா ஞானேஸ்வரியைப் பார்க்கவாம். நானும் உம்மை ஒன்றும் கேட்கமாட்டேன். சோறு பரிமாற வருவேன்.

உம்முடைய
சுஜிதன்

*

ஸ்கந்தபுரம்
15.03.2025, பின்னேரம்

என் சுஜிக்கு,

நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் கதைக்க நேரம் கிடைக்கவில்லை. மாமிக்கு இடுப்பு நோவு என்று இரண்டாம் பந்தியோடு நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நாளைக்கு வாயால் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நிஷாந்தன் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளிநொச்சிக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். இந்த முறை அவன் வாசித்தாலும் பரவாயில்லை.

மாமியும் அம்மாவும் காலையில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டே கதைத்ததைப் பார்த்தீர்களா? அம்மா தோட்டக் கதை சொல்ல, மாமி கொலனிக்கு வந்த புதிதில் யானை வந்த கதை சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பேசவே விடவில்லை. கஜனி தன் அம்மாவோடு வந்திருந்தாள். அவளிடம் கல்வெட்டைக் கொடுத்து முதல் வரியை வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, "ரீச்சர், நீங்களுமா?" என்றாள். நானும்தான் என்றேன்.

பரந்தனிலிருந்து யாரும் வரவில்லை. நிஷாந்தன் ஒன்றும் நடக்காதது போல வாளி தூக்கித் திரிந்தான். கடைசிப் பந்தி. ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட ஒரு பிள்ளை, தனியே. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கையைக் கழுவிவிட்டுப் பந்தியில் வந்து இருந்தாள். நிஷாந்தன் சோற்று வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். நான்தான் அவன் முதுகில் தட்டினேன். அவன் பரிமாறினான், அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

எழும்பி, கல்வெட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கைப்பைக்குள் வைத்தாள். "அப்பாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்" என்று நிஷாந்தனிடம் சொன்னாள். பிறகு அம்மாவிடம் போய், "போயிட்டு வாறன், மாமி" என்றாள்.

மாமி என்றாள், சுஜி. அம்மா தலையை மட்டும் ஆட்டினார். ஸ்கூட்டி ஒழுங்கை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். தகப்பன் சம்மதித்தாரா, சண்டை பிடித்தாரா, நாளைக்கு என்ன ஆகும், எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நாளைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், இங்கிருந்து எழுதி முடியாது.

இப்போது வந்த சனம் எல்லாம் போய்விட்டது. அம்மா உள்ளே அப்பாவின் படத்துக்கு முன்னால் நிற்கிறார். "இந்தாங்க, கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறார்.

உங்கள்
சுமி